அசையலாம், அழுத்தக் கூடாது: இடுப்பெலும்பு முறிவும், வேண்டாத இடத்தில் வளரும் எலும்பும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன தடவை முழங்கால் தேய்மானத்தைப் பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி குரல்பதிவு அனுப்பியிருந்தார். "எங்க அப்பாவுக்கு பைக் ஆக்சிடென்ட்ல இடுப்பு எலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப எக்ஸ்ரே எடுத்தா, புதுசா எலும்பு வளர்ந்திருக்குன்னு சொல்றாங்க. எலும்பு வளர்றது நல்லதுதானே சார்? டாக்டர் ஏன் யோசிக்கிறாரு?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ரெண்டு தகுதி இருக்கு. ஒண்ணு, நான் இயன்முறை மருத்துவன், அதாவது பிசியோதெரபிஸ்ட். கீழச்சிவல்பட்டியில் இருந்துகொண்டு சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவன். இன்னொண்ணு, இதே பிரச்சினை எங்க அண்ணனுக்கு வந்தது. அப்போ அவர் காலை மடக்கி அழுத்தியது நான்தான்.

அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே விஷயத்துக்குப் போவோம்.

முறுக்கு ஒரு இடத்தில் மட்டும் உடையாது

2011. நான் பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் திருப்பத்தூரிலிருந்து ராத்திரி பைக்கில் வரும்போது எதிரே வந்த லாரி தட்டிவிட்டது. வலது முழங்கால் போய் மோதிய வேகத்தில் தொடை எலும்பு பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், இடுப்புக் கிண்ணத்தின் பின்சுவரை உடைத்துவிட்டது. மூட்டும் நழுவிவிட்டது.

"இடுப்பு எலும்பு" என்று நாம் சொல்கிறது ஒரே எலும்பு இல்லை. பின்னால் முதுகுத்தண்டின் அடியில் முக்கோணமாக ஒரு எலும்பு. அதன் ரெண்டு பக்கமும் பெரிய எலும்பு ஒவ்வொண்ணு. மூணும் சேர்ந்து ஒரு வளையம். வளையத்தின் ரெண்டு பக்கமும் வெளிப்புறத்தில் ஒரு கிண்ணம் மாதிரி குழி இருக்கும். தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்குள்தான் உட்கார்ந்து சுழல்கிறது.

வளையம் என்பதை மனசில் வச்சுக்கங்க. கைமுறுக்கை ஒரு இடத்தில் மட்டும் உடைக்கப் பாருங்க, முடியாது. இன்னொரு பக்கமும் விரியும். பெரிய விபத்துகளில் இடுப்பு வளையமும் அப்படித்தான். முன்னால் ஒரு முறிவு தெரிந்தால், பின்னால் இன்னொண்ணு இருக்கிறதா என்று மருத்துவர்கள் தேடுவார்கள். அதனால்தான் எக்ஸ்ரே எடுத்த பிறகும் சி.டி. ஸ்கேன் கேட்கிறார்கள். "காசு பிடுங்கறாங்க"ன்னு நினைக்க வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். ஊரில் "இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு"ன்னா மூணு வெவ்வேறு விஷயமாக இருக்கலாம். ஒண்ணு, வளையம் உடைவது. ரெண்டு, கிண்ணம் உடைவது. மூணு, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைவது. வயசானவங்க வழுக்கி விழுந்தால் அடிக்கடி நடப்பது இந்த மூணாவது. அதற்குப் பெரும்பாலும் சீக்கிரமே அறுவை சிகிச்சை வேண்டும். மூணுக்கும் வைத்தியம் வேற, ஓய்வு வேற, பயிற்சி வேற. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சொன்னார்கள் என்பதை வைத்து உங்கள் வீட்டு நோயாளியை நடத்தாதீங்க. முதலில் எது உடைந்தது என்று கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

முதல் ஒரு மணி நேரம்

வளையம் விரிந்து உடைந்தால் ஆபத்து எலும்பில் இல்லை, ரத்தத்தில். நம் உடம்பில் மொத்தமே சுமார் 5 லிட்டர் ரத்தம். இடுப்புக்குள் லிட்டர் கணக்கில் கசிந்தாலும் வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. ஆள் வெளிறிப்போய், வியர்த்து, தாகமா இருக்குன்னு சொல்வார். அந்த நேரத்தில் தூக்கி உட்கார வைப்பது, ஆட்டோவில் மடக்கி ஏற்றுவது, "எங்க வலிக்குது"ன்னு இடுப்பை ரெண்டு பக்கமும் அமுக்கிப் பார்ப்பது, எல்லாமே கசிவைக் கூட்டும்.

என்ன செய்யலாம்? 108-ஐ அழைக்கலாம். ஆளைப் பலகை மாதிரி நேராக வைத்து, மூணு நாலு பேர் சேர்ந்து ஒரே அசைவில் தூக்கலாம். ஆம்புலன்ஸில் இடுப்பைச் சுற்றி இறுக்கும் பெல்ட் போடுவார்கள். அது இல்லாத இடத்தில் மடித்த போர்வையே அந்த வேலையைச் செய்யும். ஆனால் கட்டும் இடம் முக்கியம். வேட்டி கட்டும் இடுப்பில் இல்லை. அதற்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் கை வைத்தால் எலும்பு முட்டும் பாருங்க, அந்த மட்டத்தில். மேலே கட்டினால் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. சிறுநீர் வரும் துளையில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லணும். உள்ளே குழாய் கிழிந்திருக்கலாம். அப்போது அவசரப்பட்டு யாரும் சிறுநீர்க் குழாய் நுழைக்கக் கூடாது.

செலவைப் பற்றிப் பயந்து தாமதிக்கிறவங்களுக்காக ஒண்ணு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் சரி. அண்ணன் விழுந்த நாளில் இது கிடையாது. மதினி நகையை வைத்துத்தான் முதல் ரெண்டு நாளை ஓட்டினோம்.

கிண்ணத்தை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சேர்க்கிறார்கள்?

எல்லா இடுப்பு முறிவுக்கும் அறுவை தேவையில்லை. வளையம் ஆடாமல் உறுதியாக இருந்தால் வலி மாத்திரை, வாக்கர், கொஞ்ச நாள் பொறுமை, இவ்வளவே போதும். வளையம் விரிந்திருந்தால் வெளியே கம்பிச் சட்டம் போடுவார்கள், அல்லது உள்ளே பிளேட், ஸ்க்ரூ வைப்பார்கள்.

கிண்ணம் கொஞ்சம் வேற கதை. அது உடம்பின் எடையைத் தாங்கும் மூட்டு. உள்பரப்பில் ஒரு சின்ன மேடு பள்ளம் இருந்தாலும், ஒவ்வொரு அடிக்கும் தேய்ந்து, சில வருஷத்தில் மூட்டுவாதத்தில் கொண்டுபோய் விடும். ஒரு காலத்தில் இந்த முறிவுக்கு இழுவை கட்டிப் படுக்க வைப்பதுதான் பொதுவான வழக்கம். பிரான்ஸைச் சேர்ந்த ராபர்ட் ஜூதே, எமில் லெதூர்னல் என்ற அறுவை மருத்துவர்கள் 1964-இல் இந்த முறிவுகளை வகை பிரித்து, எந்த வகைக்கு எந்தப் பக்கமாகத் திறந்து சேர்க்கணும் என்று எழுதினார்கள். இன்றைக்கும் மதுரையில் ஒரு மருத்துவர் உங்கள் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பேசும்போது அந்த வகைப் பெயர்களைத்தான் சொல்கிறார்.

ரெண்டு நேரக் கணக்கு இதில் உண்டு. மூட்டு நழுவியிருந்தால் சில மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளணும். தாமதமானால் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டு, தலையே கருகிப்போகலாம். கிண்ணத்தைச் சேர்க்கும் அறுவைக்கு அவ்வளவு பரபரப்பு இல்லை. ரத்தக்கசிவு அடங்க சில நாள் பொறுப்பார்கள். ஆனால் மூணு வாரத்தைத் தாண்டினால் துண்டுகள் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடும், சரியாகப் பொருத்துவது கஷ்டம்.

அண்ணனுக்கு அன்றைக்கு இரவே மூட்டை உள்ளே தள்ளினார்கள். ஒன்பதாம் நாள் பின்பக்கமாகத் திறந்து பிளேட் வைத்தார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. மூணாவது வாரம் வீட்டுக்கு வந்தார். பிரச்சினை வீட்டில்தான் ஆரம்பித்தது.

வேண்டாத இடத்தில் எலும்பு

வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை, கால் மரத்துப்போய் மடங்காமல் நின்றுவிடுமோ என்று. அப்பத்தா சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் வந்து எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டார். நல்ல மனுஷர், காசு கூட வாங்கலை. சாயங்காலம் நான் வருவேன். புத்தகத்தில் படித்த மூட்டு அசைவுக் கோணங்கள் எல்லாம் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். முழங்காலைப் பிடித்து நெஞ்சுக்கு நேராக அழுத்துவேன். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு "போதும்டா"ன்னு சொல்வார். நான் "இன்னும் கொஞ்சம்ணே, இப்ப விட்டா பிடிச்சுக்கும்"னு அழுத்துவேன்.

அஞ்சாவது வாரம் தொடை மேல்பக்கம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. லேசாகக் காய்ச்சல். ரத்தக்கட்டி என்று பயந்து ஓடினோம். ஸ்கேனில் கட்டி இல்லை. சீழும் இல்லை. எட்டாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில், கிண்ணத்துக்குப் பின்னால் தசை இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சு மேகம் மாதிரி ஒண்ணு தெரிந்தது. அடுத்த மாசம் அந்த மேகம் கெட்டியாகிவிட்டது.

இதற்கு ஹெட்ரோடோபிக் ஆசிஃபிகேஷன் என்று பெயர். தமிழில் இடம் மாறிய எலும்பாக்கம் என்று சொல்லலாம். முறிந்த எலும்பு தன் இடத்தில் கூடுவது வேற. இது எலும்பே இருக்கக் கூடாத தசையிலும், மூட்டைச் சுற்றிய திசுவிலும் புதுசாக எலும்பு உருவாவது. கால்சியம் படிவது மட்டும் இல்லை, உள்ளே மஜ்ஜை வரைக்கும் உள்ள நிஜமான எலும்பு. புற்றுநோயும் இல்லை. பால், முட்டை அதிகம் சாப்பிட்டதால் வருவதும் இல்லை. அதனால் உணவில் கால்சியத்தை நிறுத்திவிடாதீங்க. முறிவு கூட அது வேணும்.

ஏன் வருகிறது? தசை கடுமையாக நசுங்கும்போது, அங்கே பழுது பார்க்க வரும் ஆதி செல்களில் சில, தசையாகவோ தழும்பாகவோ மாறாமல் எலும்பு செல்லாக மாறிவிடுகின்றன. கொத்தனாரைச் சுவரைப் பூசக் கூப்பிட்டால், அவர் நடு முற்றத்தில் தூண் எழுப்பிவிட்டுப் போனது மாதிரி. பின்பக்கமாகத் திறக்கும் இடுப்பு அறுவையிலும், தலையில் அடிபட்டவர்களிடமும், தண்டுவடம் பாதித்தவர்களிடமும், பெரிய தீக்காயத்திலும் இது அதிகம். முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்களிடம் இதைக் கவனித்து, 1918-இல் விவரமாக எழுதியவர்களில் ஒருவர் ஓகுஸ்தா தெஜெரின்-க்லும்ப்கே என்ற பெண் மருத்துவர். நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த சங்கதிதான்.

எவ்வளவு வளர்ந்தது என்பதை நாலு படியாகப் பிரிப்பார்கள். புரூக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1973-இல் இடுப்பு மூட்டு மாற்றிய 100 அறுவைகளைப் பார்த்து வகுத்தது. முதல் படி, தீவுத்தீவாகச் சின்னத் துணுக்குகள். ரெண்டாவது, மேலிருந்தும் கீழிருந்தும் முள் மாதிரி எலும்பு, நடுவில் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி. மூணாவது, இடைவெளி அதைவிடக் குறைவு. நாலாவது, ரெண்டும் சேர்ந்து மூட்டே பூட்டிக்கொள்வது. முதல் ரெண்டு படியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. எக்ஸ்ரே எடுக்கலைன்னா தெரியவே தெரியாது.

ஆக, குரல்பதிவு அனுப்பிய தம்பிக்கு என் முதல் பதில்: பயப்படாதீங்க. எத்தனையாவது படி, கால் எவ்வளவு மடங்குது, இந்த ரெண்டையும் டாக்டரிடம் கேளுங்க. எக்ஸ்ரேயை விட மடங்கும் அளவுதான் முக்கியம்.

அண்ணனுக்கு மூணாவது படி.

தடுப்பதும் எடுப்பதும்

ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே தடுக்க ரெண்டு வழி உண்டு. இண்டோமெதசின் மாதிரி வீக்கம் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் தருவது ஒண்ணு. அறுவையை ஒட்டி, பொதுவாக மூணு நாளுக்குள், அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை குறைந்த அளவு கதிர்வீச்சு தருவது இன்னொண்ணு. ரெண்டுக்கும் விலை உண்டு. மாத்திரை வயிற்றுப் புண்ணைக் கிளறும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். முறிந்த எலும்பு கூடுவதையே தாமதப்படுத்தவும் கூடும். கதிர்வீச்சை இளம் வயசுக்காரங்களுக்கும் குழந்தை பெற வேண்டியவங்களுக்கும் தர யோசிப்பார்கள். அதனால் இது எல்லாருக்கும் தருவது இல்லை. மெடிக்கலில் கேட்டு நீங்களே வாங்கிப் போடும் மாத்திரையும் இல்லை.

வளர்ந்துவிட்ட எலும்பை மாத்திரையோ எண்ணெயோ கரைக்காது. கால் மடங்காமல் வாழ்க்கையே முடங்குது என்றால் அறுவை செய்து எடுக்கலாம். ஆனால் அது முற்றி அடங்கும் வரை காத்திருக்கணும். விபத்தில் வந்ததற்குச் சுமார் ஆறு மாசம், தண்டுவடக் காயத்துக்கு ஒரு வருஷம், தலைக்காயத்துக்கு ஒன்றரை வருஷம் என்று பழைய கணக்கு. இப்போது சி.டி. ஸ்கேனில் எல்லை தெளிவாகத் தெரிந்தால் சிலருக்கு முன்னாடியே செய்கிறார்கள். இளசாக இருக்கும்போது கை வைத்தால் ரத்தம் அதிகம் போகும், மறுபடி வளரவும் வாய்ப்பு உண்டு.

அண்ணன் பதினாலு மாசம் காத்திருந்தார். அந்தப் பதினாலு மாசமும் அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிடலை, செருப்பைத் தானே மாட்டலை. தங்கச்சி கல்யாணத்தில் பந்தியில் எல்லாரும் இலை முன்னால் உட்கார, இவர் ஓரமாக நாற்காலியில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன்.

எலும்பை எடுத்த மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன், "நான் அழுத்தினதால்தான் வந்ததா சார்?" அவர் சொன்னது இது: "அடியும் முதல் ஆபரேஷனுமே இதுக்குப் போதும். நீ தொடாம இருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா புண்ணான தசையை வலிக்க வலிக்க இழுத்தா மறுபடி கிழியும், மறுபடி வீங்கும். அது நெருப்புல விறகு போடற மாதிரி. இனிமே செய்யாதே."

முழங்கையில் அடிபட்ட பிள்ளைகளுக்கு எண்ணெய் போட்டு நீவக் கூடாது என்று எலும்பு மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எண்ணெய் மேல் குற்றம் இல்லை. அழுத்தம்தான் குற்றம்.

அதுக்காகக் காலை ஆட்டாமலே வைக்கணுமா? கூடாது. அசைவு நல்லது. ஆனால் அது நோயாளி தானே செய்யும் அசைவாக இருக்கணும். அவர் தசை இழுக்கும் தூரம் வரை, வலி சொல்லும் எல்லை வரை. நாம் தாங்கிப் பிடிக்கலாம், தள்ளக் கூடாது.

மூணு மாசக் கணக்கு

இனி பயிற்சி. நான் சொல்வது பொதுவான வழி. உங்கள் முறிவுக்கு எப்போது கால் ஊன்றலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்லணும்.

முதல் நாளிலிருந்தே படுக்கையில் பாதத்தை மேலும் கீழும் ஆட்டணும், மணிக்கு ஒரு தடவையாவது. கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அது நின்றால் கட்டி உருவாகி, நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஊசி தந்தால் தவறவிடாதீங்க. பாதத்தை மேலே தூக்கவே முடியலைன்னா உடனே சொல்லணும், பின்னால் போகும் பெரிய நரம்பு அடிபட்டிருக்கலாம். தொடைத் தசையை இறுக்கி விடுவது, பின்பக்கத் தசையை இறுக்கி விடுவது, மூச்சுப் பயிற்சி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் இந்தக் கட்டத்தில்.

அடுத்து வாக்கர். கிண்ணம் உடைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முழு எடை கூடாது. "விரல் மட்டும் தொடணும்"பார்கள். எவ்வளவு தொடுவது என்று புரியாது. நான் சொல்வது, பாதத்துக்குக் கீழே ஒரு பொரிச்ச அப்பளம் இருக்கு, அது நொறுங்கக் கூடாது. எல்லாருக்கும் புரிந்துவிடும்.

பின்சுவர் உடைந்தவர்கள் அந்த மாசங்களில் தாழ்வான இடத்தில் உட்காரக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, சம்மணம் கூடாது. கமோட் சேர் கட்டாயம். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினாலும் போதும்.

மூணு மாசத்துக்குப் பிறகு பெரிய வேலை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை. அது பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாயும். நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராகத் தூக்கி இறக்கணும். பார்க்க ஒண்ணுமில்லாத பயிற்சி, சாய்ந்து நடப்பதை நிறுத்துவது இதுதான். கைத்தடி வைத்தால், அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் வைக்கணும். முக்கால்வாசிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

வெட்கப்பட்டு யாரும் கேட்காத ஒண்ணையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு வளையம் உடைந்த பிறகு சிறுநீர் அடக்க முடியாமல் போவதும், தாம்பத்தியத்தில் சிரமம் வருவதும் உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும். அது மனப்பிரமை இல்லை, அங்கே போகும் நரம்பும் ரத்தக்குழாயும் அடிபட்டிருக்கலாம். வைத்தியம் இருக்கு. கேளுங்க.

எங்க ஊர் வீடும் ஒரு ஆச்சியும்

எங்க பக்கத்து வீடுகள் அழகுதான், ஆனால் இடுப்பு உடைந்தவருக்கு அது ஒரு மலையேற்றம். திண்ணைக்குப் படி, நிலைக்கு நிலை உயரமான வாசப்படி, முற்றத்தில் இறங்கி ஏற ஒரு படி. ஆத்தங்குடிக் கல் தரை கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணி பட்டால் வழுக்கும். கழிப்பறை கடைசிக் கட்டில். அதனால் நான் முதல் நாள் போனதும் காலைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பேன். படுக்கையை முன் கட்டுக்குக் கொண்டு வாங்க, வழியில் மிதியடியை எடுங்க, ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். வாசப்படி தாண்ட ஒரு விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

போன வருஷம் ஒரு ஆச்சி, எழுபத்தெட்டு வயசு, முற்றத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார்கள். வளையத்தின் முன்பக்கம் மெல்லிய கீற்று முறிவு. வளையம் உறுதியாகத்தான் இருந்தது. வலி தாங்கும் அளவுக்கு நடக்கலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் சிங்கப்பூரிலிருந்து மகன் தினமும் போனில், "ஆத்தாவை அசையவே விடாதீங்க." பாசம்தான். மூணு வாரத்தில் ஆச்சிக்கு முதுகில் புண், மலச்சிக்கல், சாப்பாடு இறங்கலை, ஆள் பாதியாகிவிட்டார்கள்.

நான் போனபோது ஆச்சி சொன்னார்கள், "எனக்கு நடக்கணும்னு இருக்கு தம்பி. யாரும் விட மாட்டேங்கிறாக."

மகனுக்கு வீடியோ அழைப்பில் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினேன். முதல் நாள் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தோம். மறுநாள் வாக்கரைப் பிடித்து நின்றார்கள். ஒரு வாரத்தில் பட்டாலை வரை. கூடவே எலும்பு அடர்த்திப் பரிசோதனை, அதற்கான மருந்து. வயசான காலத்தில் லேசாக விழுந்து உடைந்தால், அடுத்த முறிவையும் தடுக்கணும். இல்லைன்னா பாதி வைத்தியம்தான்.

பாருங்க, அண்ணனுக்கு நாங்க அழுத்தினோம். ஆச்சியை அவங்க கட்டிப்போட்டாங்க. ரெண்டுக்கும் காரணம் பயமும் பாசமும். ரெண்டு வீட்டிலும் யாரும் கேட்காத ஆள் ஒருத்தர்தான், கட்டிலில் படுத்திருந்தவர்.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

மறுவாழ்வு என்பது அறுவைக்குப் பிறகு ஒட்டவைக்கும் துணுக்கு இல்லை என்பதை இந்த நாட்டுக்குக் காட்டியவர் ஒரு தமிழ்நாட்டு மருத்துவமனையில்தான் இருந்தார். டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டாக்டர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. கட்டிலில் படுத்திருந்தவரே மருத்துவராக எழுந்தபோது, கேள்வி "எலும்பு கூடியதா?" என்பதிலிருந்து "இவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்?" என்பதற்கு மாறியது. நானும் இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

வேலூருக்கோ மதுரைக்கோ எல்லாராலும் போக முடியாது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

முடிக்கும் முன்னால், எழுதி ஒட்டிக்கொள்ள மூணு விஷயம். மூணாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை இடுப்போ தொடையோ சூடாகி வீங்கினால், நேற்று மடங்கிய அளவு இன்று மடங்கலைன்னா, காத்திருக்காமல் போங்க. ரத்தக்கட்டி, சீழ், புது எலும்பு, மூணில் எது என்று பரிசோதனைதான் சொல்லும். திடீர்னு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108. கடைசியாக, நோயாளி "போதும்"னு சொன்னால் போதும்.

அண்ணன் இப்போது நடக்கிறார், பைக் ஓட்டுகிறார். எலும்பை எடுத்த பிறகு மாசக்கணக்கில் பயிற்சி, இந்தத் தடவை அவர் சொன்ன அளவுக்கு. குத்தவைக்க மட்டும் முழுசாக வராது. ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது நானாகப் பேச்சை எடுத்தேன். அவர் சொன்னார், "நீ அழுத்தி வளர்ந்துச்சோ, லாரிக்காரன் இடிச்சு வளர்ந்துச்சோ, யாருக்குடா தெரியும். அடுத்தவன் காலைப் பிடிக்கிறப்ப அவன் மூஞ்சியப் பாரு, அது போதும்."

பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணே.

அடுத்த வாரம் தோள்பட்டை இறுகிப்போவதைப் பற்றிப் பேசுவோம். கேள்வி இருந்தால் குரல்பதிவு அனுப்புங்க.